டாக்டர் சீட்டு அனுப்பாத அம்மா எழுதிக்கொள்வது

அப்பு,

நீ கேட்ட டாக்டர் சீட்டை நான் அனுப்பல. அனுப்பவும் போறதில்ல. அதை வாட்ஸப்புல ஒரே வரியில போட்டேன். நீ பாத்துட்டேன்னு தெரிஞ்சுச்சு, பதிலைத்தான் காணோம். அப்பறம் நாலு தடவை கூப்பிட்டேன், எடுக்கல. சரி, கோவம். கோவப்படு, உனக்கில்லாத உரிமையா. ஆனா போன்ல உன் குரலைக் கேட்டா நான் கரைஞ்சு போயிருவேன், ‘அனுப்புறேன்டா, வருத்தப்படாத’ன்னு சொல்லித் தொலைச்சிருவேன், எனக்கு என்னைப் பத்தித் தெரியும். அதனாலதான் இந்தக் கடுதாசி. ஸ்பீடு போஸ்ட்டுல போட்டா உங்க கப்பல் கிளம்புறதுக்குள்ள கையில கிடைச்சிரும்னு போஸ்டாபீசுல சொன்னாங்க. இதை நீ ஒளிச்சு வச்சுப் படிக்க வேண்டாம். வீட்டுக்குப் போனப் போட்டு ஒரு பொய் சொல்லும்மான்னு கேக்குற புள்ள அந்தக் கப்பல்ல நீ ஒருத்தன் மட்டும் இருக்க மாட்ட. தமிழ் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் வாய்விட்டுப் படிச்சுக் காட்டு, எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல.

நீ கேட்டது உலகத்துல இல்லாத தப்புன்னு நான் சொல்ல வரல. ஒரே தங்கச்சி. அவ நிக்காஹ்வுக்கு இன்னும் ரெண்டு வாரம்கூட இல்ல. மாப்பிள்ளையக் கையைப் புடிச்சு மண்டபத்துக்குள்ள கூட்டிட்டு வாரது நாந்தான்னு மூணு மாசமா சொல்லிக்கிட்டு இருந்த. நேவியில எல்லாருக்கும் லீவை நிறுத்திட்டாங்க, கப்பல் போகுதுன்னு நீ சொன்னதும் எனக்கும் மனசு விட்டுப் போச்சு. அப்பறம்தான் நீ அந்த யோசனையைச் சொன்ன. ‘அத்தாவுக்கு நெஞ்சுவலி, ஐசியூவுல வச்சிருக்குன்னு ஒரு சீட்டு வாங்கி போட்டோ எடுத்து அனுப்பும்மா, தெரிஞ்ச டாக்டர்தானே.’ நீ அதைச் சொன்னப்ப உங்கத்தா எங்க இருந்தாரு தெரியுமா. அகரத்துல ஒரு தோட்டத்துக் கெணத்துக்குள்ள எறங்கி, ரிப்பேரான மோட்டாரைக் கயித்துல கட்டி மேல ஏத்திக்கிட்டு இருந்தாரு. நெஞ்சுவலிக்காரரு. சாயங்காலம் வந்து ஒம்பது இட்லி சாப்பிட்டாரு. என் வயித்துல பொறந்த புள்ளைக்குப் புத்தி வேற எங்க போகும்னு நெனச்சு எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, பயமும் வந்துச்சு. ஏன் அப்படிச் சொல்றேன்னு இப்பச் சொல்றேன்.

நம்ம நாகல் நகர் வீட்டுக் கூடத்துல இருக்குற கண்ணாடி அலமாரி உனக்கு மனப்பாடம். உங்கத்தா நேவியில இருந்தப்பப் போட்ட வெள்ளைத் தொப்பி, அதைச் சுத்திக் கட்டுற கறுப்பு ரிப்பன்ல பொன்னெழுத்துல கப்பல் பேரு, பித்தளை ஊதல், மரப்பலகையில செஞ்ச கப்பல் முத்திரை, காது உடைஞ்ச எனாமல் குவளை. ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு பழைய பனியனை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்துத் தொடைப்பாரு. கொத்தவரங்கா நறுக்கிக் குடுங்கன்னு கேட்டா காதுல விழாது, ஆனா அந்த ஊதல்ல ஒரு புள்ளி களிம்பு இருந்தா கண்ணுக்குத் தெரியும். அந்த அலமாரிக்கு மேல மாட்டியிருக்குற போட்டோதான் இப்ப நான் சொல்ல வந்தது. கப்பல் மேல்தளத்துல வரிசை வரிசையா ஆளுங்க நிக்குறாங்களே, அது. கார்கில் சண்டை நடந்த வருஷம் எடுத்தது. அதுல உங்கத்தா இல்ல. வர்றவங்க எல்லாம், ‘இதுல நீங்க எங்க பாய்?’னு கேப்பாங்க. அவரு எப்பவும் ஒரே பதில்தான் சொல்லுவாரு, ‘படம் எடுத்தது நாந்தேன்’ன்னு. நீயும் அதைக் கேட்டுத்தானே வளர்ந்த. நாலாங்கிளாஸ் படிக்கும்போது உன் சிநேகிதனுங்களைக் கூட்டிட்டு வந்து, ‘எங்கத்தா எடுத்த படம்டா’ன்னு பெருமையாக் காட்டுன. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அந்தப் படத்தை உங்கத்தா எடுக்கல. படம் எடுத்த அன்னைக்கு அவரு அந்தக் கப்பல்லயே இல்ல. அவரை இல்லாமப் பண்ணுனது நான்.

எனக்குக் கல்யாணம் ஆகும்போது இருபது வயசு. மாப்பிள்ளை கப்பல்ல இருக்காருன்னதும் எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் புரியல. தோல்ஷாப்புல வேலை பாக்குற மாப்பிள்ளை தெரியும், ஆட்டு யாவாரி மாப்பிள்ளை தெரியும். கடலையே பாக்காத ஊருல கப்பக்கார மாப்பிள்ளைன்னா எப்படி. நாப்பது நாள் லீவுல வந்து கல்யாணம் முடிச்சு, என்னைய அவங்க அம்மாகிட்ட, அதான் என் மாமிகிட்ட, விட்டுட்டுக் கிளம்பிட்டாரு. போகும்போது ஒரே ஒரு பாடம் சொல்லிக் குடுத்தாரு. ‘கப்பல் கரைக்கு வரும்போதுதேன் தபால் போகும். அஞ்சாறு கடுதாசி ஒண்ணா வரும். மூலையில நம்பர் போட்டிருப்பேன். நம்பர் பாத்துப் படி.’ நான் என்ன பண்ணுனேன், அவசரக்குடுக்கை, மொதத் தடவை வந்த கட்டுல கைக்குக் கிடைச்ச ஏழாம் நம்பரை முதல்ல பிரிச்சேன். ‘அந்தச் சனியன் ஒருவழியா ஒழிஞ்சுது. ரொம்ப ரத்தம் போச்சு. எல்லாரும் சேந்து அமுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க. இனி நிம்மதி’ன்னு எழுதியிருக்கு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. யாரையோ கொன்னுப்புட்டாரு, அதைப் பொண்டாட்டிக்கு எழுதி வேற இருக்காருன்னு உக்காந்து அழுதேன். மாமி வந்து என்ன ஏதுன்னு கேட்டு, நாலாம் நம்பரை எடுத்து நீட்டி, ‘இதை மொதல்ல படி புள்ள’ன்னாங்க. அதுல கடவாப்பல்லு வலி தாங்க முடியலன்னு ரெண்டு பக்கத்துக்குப் புலம்பி வச்சிருக்காரு. மாமி சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. இன்னைக்கும் அந்த ஏழாம் நம்பரை எடுத்தா எனக்குச் சிரிப்பு அடங்காது.

மத்தபடி அவரு கடுதாசின்னா சாப்பாடும் வேர்வையும்தான். எஞ்சின் ரூம்ல வேலை. ‘நம்ம ஊரு சித்திரை வெயிலை இங்க கொண்டாந்து விட்டா அது குளுருதுன்னு போர்வை கேக்கும்’னு எழுதுவாரு. ‘சாம்பாருங்குற பேருல மஞ்சத் தண்ணி. வெஞ்சனம் தெனம் உருளைக்கிழங்கு. ஒங் கையால ஒரு கத்திரிக்காக் கூட்டு தின்னா இந்தக் கப்பலைத் தனியாத் தள்ளிக்கிட்டே கரைக்கு வந்துருவேன்’னு எழுதுவாரு. எனக்கு அதைப் படிக்கப் படிக்கச் சந்தோசமா இருக்கும். புதுசாக் கல்யாணமான பொண்ணு, புருசன் கத்திரிக்காயப் பத்தி எழுதுறதுல என்ன காதல் இருக்குன்னு நீ கேப்ப. இருந்துச்சு அப்பு, அம்புட்டு இருந்துச்சு. நீயும் நாளைக்கு ஒருத்தியக் கட்டுவ. அவளுக்கு நெலா, கடல், நட்சத்திரம்னு எழுதாத. என்ன சாப்பிட்ட, எங்க கொப்புளம் வந்துச்சு, யாரு உன் சோப்பை எடுத்துட்டான்னு எழுது. அதை வச்சுத்தான் ஒருத்தி நீ இல்லாத வீட்டுல உன்கூடக் குடும்பம் நடத்த முடியும்.

அந்தக் கோடையில சண்டைன்னு ஆயிருச்சு. சண்டை மலையில நடக்குது, இவரு கடல்லதானே இருக்காருன்னு எல்லாரும் ஆறுதல் சொன்னாங்க. அடுத்த வீட்டு டிவியில செத்துப் போன பட்டாளத்துப் புள்ளைகளைப் பெட்டி பெட்டியா எறக்குறதைப் பாத்தேன், அதுக்கப்பறம் எனக்குச் சோறு எறங்கல. அந்த நேரத்துக் கடுதாசிகள்ல எங்க இருக்கோம், எங்க போறோம்னு ஒண்ணும் எழுத முடியாது. அதனால இன்னும் அதிகமாச் சாப்பாட்டைப் பத்தி எழுதுனாரு. பயப்படாதன்னு ஒரு எடத்துலயும் எழுதல. அவரு எழுதாததுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. அப்பறம் பதினோராம் நம்பர் வந்துச்சு. நாலே வரி. ‘என் சாமானை எல்லாம் ஒரு பெட்டியில போட்டுக் கரையில எறக்கி வச்சிட்டேன். எல்லாரும் அப்படித்தேன் வச்சிருக்கோம். ஒண்ணும் நெனச்சுக்காத. சாவி இத்தோட இருக்கு.’ நம்ம ஊருப் பூட்டுச் சாவி, அப்பு. கல்யாணமான மறுவாரம் நானே அவருகூடக் கடைக்குப் போயி வாங்கிக் குடுத்த பூட்டு. அந்தச் சாவியை உள்ளங்கையில வச்சுக்கிட்டு உக்காந்தேன் பாரு, அப்பத்தான் எனக்கு அந்தப் புத்தி வந்துச்சு.

அந்தக் காலத்து வழக்கம் உனக்குத் தெரியாது. பட்டாளத்துல இருக்குற புள்ளைக்குப் பொண்ணு பாத்துட்டா ‘மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி’ன்னு தந்தி போகும். தம்பிக்குக் கல்யாணம்னாலும் மதர் சீரியஸ்தான். பங்காளிச் சண்டைக்கு ஆள் பத்தலன்னாலும் மதர் சீரியஸ்தான். எத்தனை அம்மாமாருக அப்படித் தந்தியில சாகக் கெடந்து, புள்ளை வந்து எறங்குன அன்னைக்கு எந்திரிச்சுக் கறிக்குழம்பு வச்சிருக்காங்க தெரியுமா. இங்கிலீஷ்ல ஒரு எழுத்துத் தெரியாதவங்களுக்குக்கூட அந்த நாலு வார்த்தை தெரியும். ஊரே பண்ணுறதுதானே, நான் பண்ணுனா என்னன்னு நெனச்சேன். தையக்கடைக்குப் போறேன்னு மாமிகிட்டச் சொல்லிட்டு, துப்பட்டியப் போட்டுக்கிட்டுத் தந்தி ஆபீசுக்குத் தனியாப் போனேன். தாளை வாங்கிப் பாத்த மனுசன், ‘யாரும்மா ஒனக்கு?’னாரு. ‘மாமியாரு’ன்னேன். ‘பக்கத்துல யாரு இருக்கா?’ன்னாரு. எனக்கு வாய் கொழறிருச்சு. நான் துக்கத்துல பேச முடியாம நிக்குறேன்னு நெனச்சுக்கிட்டு, பாவம், எந்திரிச்சு வந்து ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாரு. ‘ஒண்ணும் ஆகாது தாயி, பையன் வந்துருவான்’னு சொன்னாரு. அந்தத் தண்ணியக் குடிச்சிட்டு வீட்டுக்கு வந்தா, சாகக் கெடக்குற என் மாமி கொல்லையில சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, கூடைக்கு வராத கோழியை விரட்டிக்கிட்டு ஓடுறாங்க.

நாலாம் நாள் காலையில உங்கத்தா வந்தாரு. தாடியோட, கண்ணெல்லாம் செவந்து, ரயில்ல ஒரு வாய் சாப்பிடாம வந்த மனுசன். வாசல்ல மாமி குடல் விக்கிறவருகிட்ட, ‘இதுல பாதி தண்ணியாவுல இருக்கு’ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரிப் பேரம் பேசிக்கிட்டு நிக்குறாங்க. உங்கத்தா பையைக் கீழ போட்டுட்டு அப்படியே நின்னாரு. ‘ஏலே, என்னடா சொல்லாமக் கொள்ளாம’ன்னு மாமி சந்தோசமாக் கேட்டாங்க. அவரு ஓடி வந்து அவங்களைக் கட்டிக்கிட்டு அழுதாரு. அழுது முடிச்சுச் சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சப்பறம்தான் மூஞ்சி மாறுச்சு. ‘யாரு தந்தி அடிச்சது?’ன்னு கேட்டாரு. நான் கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்குறேன். தந்தி போன விசயமே மாமிக்கு அப்பத்தான் தெரியுது. என் மூஞ்சிய ஒரே ஒரு தடவை பாத்தாங்க. அப்பறம் குடல் சட்டியக் கையில வாங்கிக்கிட்டு, ‘நாந்தேன்டா அடிக்கச் சொன்னேன். ஒன்னையப் பாக்கணும்போல இருந்துச்சு. பெத்தவளுக்கு அதுக்குக்கூட உரிமை இல்லையா’ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. உங்கத்தா சுவரைப் பாத்துக்கிட்டு, ‘என் ஆபீசர் கையைப் புடிச்சு, போய் அம்மாவைப் பாருன்னு அனுப்புனாரும்மா’ன்னு மட்டும் சொன்னாரு. ரெண்டே நாள்ல திரும்பிப் போனாரு. போனா கப்பல் இல்ல, கடலுக்குள்ள போயிருச்சு. சண்டை முடியிற மட்டும் கரையில ஒரு பட்டறையில உக்கார வச்சிட்டாங்க. கூட இருந்தவங்க எல்லாரும் போனாங்க, அவரு போகல. அம்புட்டுப் பேரும் நல்லபடியாத் திரும்பி வந்தாங்க, அல்லா காப்பாத்துனான். ஆனா அந்த வரிசையில இவரு நிக்கல.

அடுத்த வருஷம் அவரு கூட்டாளி ஒருத்தரு நம்ம வீட்டுக்கு வந்தாரு. ஒடிசாக்காரரு, உங்கத்தா இல்லாத அத்தனை நாளும் எஞ்சின் ரூம்ல இவரு டூட்டி முறையையும் சேத்துப் பாத்த மனுசன். நீ பாக்குற போட்டோவை அவருதான் சட்டம் போட்டுக் கொண்டாந்தாரு. வந்த ஆளு மாமி காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு இந்தியில என்னமோ சொல்லுறாரு. உங்கத்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் தமிழ்ல சொன்னாரு, ‘கப்பல்ல எல்லாரும் ஒனக்காக வேண்டிக்கிட்டாங்களாம். கடுதாசி வராததுனால பொழச்சியா இல்லையான்னு தெரியாமயே வேண்டுனாங்களாம்.’ மாமி என்ன பண்ணுவாங்க. செத்த நேரம் திருதிருன்னு முழிச்சாங்க. அப்பறம் ரெண்டு இருமல் இருமி, சுவரைப் புடிச்சு மெல்ல உக்காந்து, ‘இன்னும் முழுசா சரியாகல தம்பி’ன்னாங்க. அன்னைக்கு முழுக்க அந்த ஆளு முன்னாடி நடக்கும்போதெல்லாம் காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடந்தாங்க. அவரு அடுப்படிப் பக்கம் போகாதீங்கம்மான்னு தடுத்து, அவரே உக்காந்து வெங்காயம் உரிச்சாரு. அவரு ரயிலேறுனதும் மாமி என்னையப் பாத்து, ‘ஒன்னால நான் நாள் முழுக்க நோயாளியா இருந்துட்டேன் புள்ள, இடுப்பு நெசமாவே புடிச்சுக்கிருச்சு’ன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் அடுப்படியில உக்காந்து கண்ணுல தண்ணி வர்ற மட்டும் சிரிச்சோம். மாமி அதைப் பத்தி என்கிட்டப் பேசுனது அந்த ஒரு தடவைதான். ஏன் அடிச்சன்னு ஒரு நாளும் கேக்கல. எனக்கு அவங்களை அம்புட்டுப் புடிக்கும்.

இம்மட்டோட முடிஞ்சிருந்தா நானும் இதை ஒரு வேடிக்கையா உனக்கு என்னைக்கோ சொல்லியிருப்பேன். உனக்கு ஆறு வயசா இருக்கும்போது மாமி நெசமாவே விழுந்தாங்க. வலது பக்கம் பூரா வரல, பேச்சு நின்னுருச்சு. அப்ப உங்கத்தா மும்பையில இருக்காரு. போனப் போட்டு, ‘மச்சான், மாமிக்கு ரொம்ப முடியல, ஒடனே கிளம்பி வாங்க’ன்னேன். ‘அம்மாகிட்டப் போனைக் குடு’ன்னாரு. ‘பேச்சு வரல மச்சான்’னேன். ‘மறுபடியுமா’ன்னாரு. அந்த ஒரு வார்த்தைதான். அடுத்த வாரம் லீவு இருக்கு, வாரேன்னு சொல்லி வச்சிட்டாரு. மறுநாள் மாமி மவுத்தாயிட்டாங்க. நம்மள்ல ரெண்டு நாள் வச்சுக் காத்திருக்க முடியாது. அன்னைக்குச் சாயங்காலம் அசர் தொழுகைக்கே அடக்கம் பண்ணிட்டோம். அவரு வந்தப்ப எல்லாம் முடிஞ்சு, மாமி படுத்திருந்த பாயைக்கூட அலசிக் காயப் போட்டிருந்துச்சு. உங்கத்தா பையைத் தோள்ல இருந்து எறக்காம அந்தப் பாயையே பாத்துக்கிட்டு நின்னாரே, உனக்கு நெனப்பிருக்கும், நீ ஓடிப் போயி அவரு விரலைப் புடிச்ச. அவரு என்னைய ஒரு வார்த்தை சொல்லல. தன்னைத்தானே திட்டிக்கிட்டாரு, ‘அம்மா பொய் சொல்லுறான்னு நெனச்சேனே’ன்னு. மாமி ஒரு நாளும் பொய் சொல்லல. எனக்காகச் சொன்ன அந்த ஒரு பொய்யைத் தவிர. அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். வாயைத் தொறந்தேன், வரல. அதுக்கப்பறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவரு அந்த அலமாரியைத் தொடைக்கும்போது வாயைத் தொறக்கணும்னு நெனப்பேன். பதினெட்டு வருஷமா நெனச்சுக்கிட்டே இருந்தேன்.

நீ போன் போட்டு டாக்டர் சீட்டு கேட்டது ஒரு சனிக்கிழமை. மறுநாள் காலையில உங்கத்தா ஊதலைத் தொடைச்சுக்கிட்டு இருந்தாரு. நான் பக்கத்துல போயி உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். சாவி, தையக்கடை, தந்தி ஆபீசு, தண்ணி, ஒண்ணு விடல. அவரு தொடைக்கிற கை நின்னுருச்சு. ஊதலைக் கீழ வச்சிட்டு, ‘அப்ப அம்மா?’ன்னு கேட்டாரு. ‘மாமி என்னையக் காப்பாத்துனாங்க மச்சான்’னேன். எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அஞ்சு நாள் என்கூடப் பேசல. கல்யாண வீடு, ஆளு வருது, போகுது, பத்திரிகை குடுக்கப் போறாரு, பந்தல்காரரோட பேசுறாரு, என்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை இல்ல. தட்டை வச்சா சாப்பிட்டாரு, வைக்கலன்னா கேக்கல. நான் பயந்துதான் போனேன், அப்பு. இந்த வயசுல மக கல்யாணத்துக்கு முன்னாடி புருசனை இழந்துட்டோமோன்னு பயந்தேன். இருந்தாலும் சொன்னதுக்கு வருத்தப்படல. அந்த அஞ்சு நாளும் நான் நல்லாத் தூங்குனேன், அதுதான் எனக்கே ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாங்க, அவரைக் காணோம். மையவாடிக்கு, மாமியை அடக்கம் பண்ணுன எடத்துக்குப் போயிருக்காருன்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க. மூணு மணிக்கு மேல வந்தாரு, முட்டியெல்லாம் மண்ணு. கையைக் கழுவிட்டு என் எதிர்ல உக்காந்தாரு. ‘அம்மாகிட்ட மாப்பு கேட்டேன்’னாரு. நான் அழ ஆரம்பிச்சேன். அவரு சொன்னாரு, ‘இந்தா பாரு, ஒம்மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொன்னா அது பொய்யி. இருக்கு. ஆனா எங்கம்மா சாகுற மட்டும் ஒன்னையக் காட்டிக் குடுக்கல. அவ மூடி வச்சதை நான் தொறந்து வச்சு என்னத்தச் செய்யப் போறேன். சோத்தப் போடு.’ அம்புட்டுத்தான். ரெண்டு தடவை குழம்பு ஊத்திக்கிட்டாரு. தட்டைக் கழுவப் போகும்போது, ‘அது சரி, தந்தி ஆபீசுல தண்ணி வேற வாங்கிக் குடிச்சியா நீ?’ன்னு கேட்டாரு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துருச்சு, அவருக்கும்தான்.

முந்தாநேத்து பேகம்பூர்ல இருந்து மாப்பிள்ளையோட அத்தா சாப்பாட்டு விசயம் பேச வந்திருந்தாரு. அயிலூர்ச் சந்தையில ஆட்டுக்குட்டி எடுக்குறதா, இங்கனயே கறி சொல்லிருவமான்னு பேசிக்கிட்டே அலமாரிப் பக்கம் போனவரு, போட்டோவைப் பாத்துட்டு எல்லாரும் கேக்குறதையே கேட்டாரு, ‘இதுல சம்பந்தி எங்க?’ன்னு. நான் டீத் தட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்குறேன். உங்கத்தா, ‘இதுல நான் இல்லைங்க. அன்னைக்கு லீவுல வந்துட்டேன்’னாரு. இத்தனை வருஷத்துல மொதத் தடவையா. அந்த மனுசன், ‘அப்படிங்களா’ன்னு சொல்லிட்டு ஆட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டாரு. அம்புட்டு லேசா முடிஞ்சு போச்சு. கடைசியில சந்தைக்குப் போறதுன்னு முடிவாச்சு. உங்கத்தாவே போயி ஆடுகளைக் கப்பல் முடிச்சுப் போட்டு வண்டியில கட்டிக் கொண்டாந்துட்டாரு. போன பக்ரீத்துக்கு யாவாரி போட்ட முடிச்சை அவுத்துக்கிட்டு ஓடுன கெடாயைத் தெருத் தெருவா விரட்டுனது மறந்திருக்க மாட்ட. இந்தத் தடவை ஒண்ணும் ஓடல.

உன் தங்கச்சி ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா, உன்மேல இல்ல, என்மேல. ‘ஒரு சீட்டுத்தானேம்மா’ன்னா. அவளுக்கும் இதையெல்லாம் உக்கார வச்சுச் சொன்னேன். கேட்டுட்டு, ‘மாப்பிள்ளை கையை யாரு புடிச்சுக் கூட்டிட்டு வாரது?’ன்னு கேட்டா. உங்கத்தாவே கூட்டிட்டு வரட்டும், மாமனாரு கையப் புடிச்சா தேஞ்சா போயிருவாருன்னு முடிவு பண்ணியிருக்கோம். உனக்குன்னு எடுத்த சட்டை பீரோவுல இருக்கு, மடிப்புக் கலையாம வச்சிருக்கேன், வந்து போட்டுக்க. நிக்காஹ் ஓதும்போது நான் அழத்தான் போறேன். பொண்ணோட அம்மா அழுதா யாரும் காரணம் கேக்க மாட்டாங்க, அது எனக்கு வசதி.

நீ அனுப்பச் சொன்ன சீட்டு ஒரு நிமிசத்து வேலை, அப்பு. தெரிஞ்ச டாக்டர், போட்டோ, முடிஞ்சிருச்சு. நீ வந்திருப்ப, மாப்பிள்ளை கையைப் புடிச்சிருப்ப, பிரியாணி தின்னுருப்ப. உன் முறையை வேற எவனோ ஒரு புள்ள சேத்துப் பாத்திருப்பான். நாளைக்கு எந்தக் கடல்லயோ நீ இருக்கும்போது இங்கருந்து ஒரு சேதி வந்தா, ‘மறுபடியுமா’ன்னு ஒரு நிமிசம் நீ யோசிப்ப. அந்த ஒரு நிமிசத்தை நான் உனக்குக் குடுக்க மாட்டேன். உங்கத்தாவுக்குக் குடுத்தது போதும். இனிமே இந்த வீட்டுல யாருக்காச்சும் முடியலன்னா, முடியலன்னு சேதி வரும், அன்னைக்கு யோசிக்காமக் கிளம்பி வா. நல்லா இருக்கோம்னு சேதி வந்தா நல்லா இருக்கோம். தெம்பாப் போயி உன் வேலையப் பாரு. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்.

அம்மா